விடுமுறையில் வேலை: கொங்கு நாட்டிலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு

கோவையிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையங்களுக்குப் பிள்ளைகளோடு வரும் பெற்றோரின் காதில் கட்டாயம் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "வாரத்தில் கொஞ்ச நேரம், லீவில் முழு நேரம் வேலை பார்த்தால் ஃபீஸை அங்கேயே கட்டிவிடலாம்." இதை நம்பித் தோட்டத்துப் பத்திரத்தை வங்கியில் வைத்த குடும்பங்கள் நம் பக்கத்தில் பல. வாக்கியத்தின் முதல் பாதி உண்மை. வேலை கிடைக்கும், சட்டமும் அனுமதிக்கும். இரண்டாம் பாதி பெரும்பாலும் நடக்காது. விடுமுறை வேலை சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் தோள் கொடுக்கும். கல்விக் கட்டணத்தைச் சுமக்காது. இதை மனதில் நிறுத்திக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் வேலை: வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுவது

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரலில் அங்கே 21 வயது நிரம்பியவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. ஒவ்வோர் ஏப்ரலிலும் இது மாறும். பருவம் (செமஸ்டர்) நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஒரு வாரம்கூட விடாமல் செய்தாலும் மாதத்துக்கு ஏறக்குறைய 1,058 பவுண்ட் வரும். லண்டனுக்கு வெளியே படிக்கும் மாணவரின் மாதச் செலவு என்று விசாவுக்காக அந்நாட்டு அரசே 2025 ஜனவரியில் வைத்த தொகை 1,136 பவுண்ட். அதாவது அனுமதித்த நேரம் முழுவதும் உழைத்தாலும் அரசு சொல்லும் சாப்பாடு, வாடகைச் செலவையே தொட முடியவில்லை. மூன்று வார கிறிஸ்துமஸ் விடுமுறையில் வாரம் 40 மணி நேரம் உழைத்தால் கிட்டத்தட்ட 1,465 பவுண்ட் கையில் சேரும். நல்ல தொகைதான். குளிர்காலத்து வாடகை ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழியும். ஆனால் முதுநிலைப் படிப்புக்கான கட்டணத்தின் பக்கத்தில் அது ஒரு மூலைக்குத்தான் காணும்.

கடன் வாங்கும் முன் அப்பா கேட்பார்: "கண்ணு, வட்டியை மட்டுமாவது அங்கே வேலை பார்த்துக் கட்டிக்கொள்வாயா?" தலையாட்டிவிடாதீர்கள். வங்கிக் கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்டாமல் இருக்க அவகாசம் தருவது வழக்கம். ஆனால் வட்டி அந்தக் காலத்திலும் ஏறிக்கொண்டே இருக்கும். அதை மாதாமாதம் யார் கட்டுவது என்பதை விமானம் ஏறும் முன்பே ஊரில் உள்ள வருமானத்தை வைத்து முடிவு செய்யுங்கள். அங்கே சம்பாதிப்பது வந்தால் நல்லது, வராவிட்டாலும் படிப்பு நிற்காது என்ற நிலையில் கிளம்புகிறவர்தான் நிம்மதியாகப் படிக்கிறார். முதல் மூன்று மாதம் வேலையே கிடைக்காது என்று வைத்துக்கொண்டு கையில் பணம் இருக்கட்டும்.

நாட்டுக்கு நாடு மணிக்கணக்கு

நம் ஊரில் உழைக்கத் தெரிந்தவருக்கு நேரம் ஒரு பொருட்டல்ல. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பது சாதாரணம். சரக்கு அனுப்பும் அவசரம் வந்தால் இரவும் தொடரும். அப்படி உழைப்பதைப் பெருமையாகப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வெளிநாட்டில் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். அங்கே உங்கள் உழைப்புக்கு விசா ஒரு எல்லை போடுகிறது. அதைத் தாண்டிய ஒவ்வொரு மணியும் விசா நிபந்தனையை மீறிய மணி. முதலாளி கெஞ்சிக் கேட்டார் என்பது காரணமாகாது.

பிரிட்டனில் பட்டப்படிப்பும் அதற்கு மேலும் படிப்பவர்களுக்குப் பருவத்தில் வாரம் 20 மணி நேரம், விடுமுறையில் முழு நேரம். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 15, அடுத்த வாரம் 25 என்று சராசரி பார்க்க முடியாது. இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். சம்பளமில்லாத வேலையும் அதில் சேரும். சுயதொழில் அறவே கூடாது. ஆகவே சாப்பாடு விநியோகிக்கும் செயலிகளில் வண்டி ஓட்டுவது விடுமுறையிலும் சட்டவிரோதம்தான். வேறு ஒருவர் பெயரில் இருக்கும் கணக்கை வாடகைக்கு வாங்கி ஓட்டுவது அதைவிட ஆபத்து.

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல் இரு வாரத்துக்கு 48 மணி நேரம். கல்லூரி அறிவித்த விடுமுறையில் வரம்பு இல்லை. இரு வாரம் என்பது எந்தத் திங்கட்கிழமையில் தொடங்கி எண்ணினாலும் பொருந்த வேண்டும். படிப்பு தொடங்கும் முன் வேலையைத் தொடங்கக் கூடாது. பெரிய விடுமுறை அங்கே நவம்பர் முதல் பிப்ரவரி வரை, அவர்களின் கோடைக்காலத்தில் வரும்.

கனடாவில் 2024 நவம்பர் 8 முதல் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம். கல்லூரி நாள்காட்டியில் குறித்த விடுமுறையில் முழு நேரம். ஆனால் விடுமுறைக்கு முந்தைய பருவத்திலும் பிந்தைய பருவத்திலும் முழு நேர மாணவராக இருக்க வேண்டும். அயர்லாந்தில் தேதியே எழுதி வைத்திருக்கிறார்கள்: ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரையும், டிசம்பர் 15 முதல் ஜனவரி 15 வரையும் வாரம் 40 மணி நேரம், மற்ற நாட்களில் 20. எனக்கு மிகவும் தெளிவாகப் படும் விதி இதுதான்.

ஜெர்மனியில் கணக்கே வேறு. 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள். நான்கு மணி நேரம் வரை அரை நாள். பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியருக்கு உதவியாளராகச் செய்யும் வேலை இந்த நாட்கணக்கில் சேராது. ஒரு குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். மீதம் எத்தனை நாள் என்று உங்களுக்கு யாரும் சொல்லப் போவதில்லை.

அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் வளாகத்துக்குள் மட்டும் வேலை செய்யலாம்: பருவத்தில் 20 மணி நேரம், விடுமுறையில் முழு நேரம். வெளியே பெட்ரோல் நிலையத்திலோ இந்திய உணவகத்திலோ கோடையில் நிற்பதற்குத் தனி அனுமதி வேண்டும். படிப்போடு தொடர்புடைய பயிற்சிக்கான அனுமதியும் பொதுவாக ஒரு கல்வியாண்டு முடிந்த பிறகுதான் கிடைக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில ஆண்டுகளுக்கு முன் போன மாமன் மகனோ பக்கத்துத் தோட்டத்து அண்ணனோ "நேரக் கணக்கெல்லாம் யாரும் பார்ப்பதில்லை, நான் முழு நேரம் பார்த்தேன்" என்று சொல்லலாம். அவர் பொய் சொல்லவில்லை. கொரோனா காலத்தை ஒட்டி ஆஸ்திரேலியா 2023 ஜூன் வரையும், கனடா 2022 நவம்பரிலிருந்து 2024 ஏப்ரல் வரையும் வரம்பைத் தளர்த்தியிருந்தன. அந்தக் காலம் முடிந்துவிட்டது. உங்கள் விசா வந்த நாளில் என்ன விதி இருக்கிறதோ அதை அந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் நீங்களே படித்துவிடுங்கள்.

உங்களுக்கு விடுமுறை உண்டா?

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வகுப்பு இல்லாத நாள் எல்லாம் விடுமுறை ஆகாது. பிரிட்டனில் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்குத்தான் நம் பிள்ளைகள் பெரும்பாலும் போகிறார்கள். அங்கே ஜூன் மாதம் வகுப்பு முடிந்து இளநிலை மாணவர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். வளாகம் காலியாகக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு நமக்கும் கோடை விடுமுறை என்று நினைத்து முழு நேர வேலையில் சேர்ந்துவிடுகிறார்கள். உண்மையில் முதுநிலை மாணவருக்கு அது ஆய்வேடு எழுதும் காலம். வழக்கமாகப் பல்கலைக்கழகம் அதைப் பருவமாகவே கணக்கிடும். ஆகவே படிப்பு அதிகாரப்பூர்வமாக முடியும் தேதி வரை 20 மணி நேரம்தான். அவருக்கு மிஞ்சுவது கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகள் மட்டும். ஜனவரியில் சேருகிறவருக்கு நாள்காட்டி இன்னும் மாறும். முனைவர் பட்ட மாணவருக்குக் கல்லூரி விடுமுறை என்பதே கிடையாது; வழிகாட்டியின் ஒப்புதலோடு எடுக்கும் விடுப்புதான்.

எனவே சேர்ந்த முதல் வாரத்திலேயே பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள்: "என் படிப்புக்கு எந்தெந்தத் தேதிகள் விடுமுறை? என் படிப்பு முடியும் தேதி எது?" வாய்ப்பேச்சாகக் கேட்டு வராதீர்கள். எழுத்தில் வரும் பதில்தான் பிறகு கை கொடுக்கும். வேலை கொடுப்பவரும் அதைக் கேட்பார். பருவத் தேதிகளுக்கான சான்றை வாங்கி வைப்பது அங்கே அவர் கடமை. தவறாக ஆள் வைத்தால் 2024 பிப்ரவரி முதல் ஓர் ஆளுக்கு 45,000 பவுண்ட் வரையும், மீண்டும் செய்தால் 60,000 பவுண்ட் வரையும் அபராதம் என்பதால் ஒழுங்கான நிறுவனம் எதுவும் சான்று இல்லாமல் சேர்க்காது. சான்றே கேட்காமல் "நாளைக்கே வா" என்கிற இடத்தைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

ஜெர்மனியில் பிப்ரவரி, மார்ச் மாதங்களும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களும் விரிவுரை இல்லாத காலம். ஆனால் பல தேர்வுகள் அதே காலத்தில்தான் வரும். தேர்வுத் தேதி தெரியாமல் தொழிற்சாலையில் ஆறு வாரத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்

அங்கே முதல் வேலைக்குப் பெரிய தடை "முன் அனுபவம் உண்டா?" என்ற கேள்வி. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அனுபவம் இருக்கிறது. எழுதிக் காட்டத்தான் தெரிவதில்லை. கோவைக் கல்லூரிகளில் படிக்கும் எத்தனையோ மாணவர்கள் முகூர்த்த நாட்களில் கேட்டரிங் ஆட்களோடு போய்க் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுகிறார்கள். ஒரே காலையில் பல பந்தி பார்த்தவருக்கு ஓட்டல் விருந்துக் கூடத்தில் தட்டெடுப்பது புதிதல்ல. தீபாவளி நேரத்தில் ஜவுளிக் கடையில் நின்றிருந்தால் அது விற்பனை அனுபவம். அப்பாவின் மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தது பணம் கையாண்ட அனுபவம். இவற்றை வெட்கப்படாமல் எழுதுங்கள்.

திருப்பூர், கரூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு பலம் உண்டு. சிங்கிள் ஜெர்சி, ரிப் என்ற பின்னல் துணி வகைகளுக்குள் வேறுபாடு, துணியின் எடையைச் சொல்லும் ஜி.எஸ்.எம். என்றால் என்ன, சலவைக் குறிப்பு லேபிளில் என்ன இருக்கும், கார்ட்டனில் அளவுவாரியாக எப்படி அடுக்குவார்கள் என்பதெல்லாம் வீட்டில் பேசிப் பேசிக் காதில் விழுந்தவை. கரூர்க்காரருக்குப் படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு விவகாரம் தெரியும். ஐரோப்பியத் துணிக்கடை நேர்காணலில் இதை இரண்டு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். துணியைத் தெரிந்த விற்பனையாளர் எந்தக் கடைக்கும் வேண்டும். கிடங்கு வேலைக்கும் பேக்கிங், செக்கிங் பார்த்த அனுபவம் நேராகப் பொருந்தும்.

வேலை செய்த இடத்திலிருந்து நிறுவனத் தாளில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, என்ன வேலை, யாரைத் தொடர்புகொள்ளலாம், அவரது மின்னஞ்சல் என்ன என்பது அதில் இருக்க வேண்டும். அந்த மின்னஞ்சலுக்குக் கேள்வி வந்தால் ஆங்கிலத்தில் பதில் எழுதக்கூடிய ஆளாக அவர் இருப்பது அவசியம். கடிதம் கொடுக்கும் முதலாளியிடம் முன்கூட்டியே "ஐயா, வெளிநாட்டிலிருந்து விசாரித்து மின்னஞ்சல் வரலாம், இரண்டு நாளில் பதில் அனுப்பிவிடுங்கள்" என்று சொல்லி வையுங்கள்.

பாஸ்போர்ட் அலுவலகத்தில் காவல்துறை நற்சான்றிதழ் வாங்கி வைத்தால் முதியோர் பராமரிப்பு போன்ற வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போது உதவும். ஓட்டுநர் உரிமம் இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பூர் காதர்பேட்டையில் எழுத்தோ படமோ இல்லாத கறுப்பு டி-சர்ட், உள்ளே போடும் கதகதப்பான பனியன் என்று ஒரு கட்டு வாங்கிப் பெட்டியில் வைப்பது செலவைக் குறைக்கும். சமையலறை, பரிமாறும் வேலை, கிடங்கு என எங்கே போனாலும் பெரும்பாலும் கறுப்பு உடைதான் கேட்பார்கள்.

ஜெர்மனிக்குப் போகிறவர்கள் மொழியை இங்கேயே தொடங்கிவிடுங்கள். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் கடை, உணவகம், முதியோர் இல்லம் எல்லாவற்றுக்கும் ஜெர்மன் வேண்டும். ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோத்தே மையம் கோவையிலேயே இருக்கிறது. பேசத் தெரியாதவருக்குக் கிடங்கும் துப்புரவும்தான் மிஞ்சும். பேசத் தெரிந்தவருக்குத் தன் துறையிலேயே மாணவர் வேலை கிடைக்க வழியுண்டு. பம்பு, மோட்டார், வார்ப்படம் என்று கோவைப் பட்டறைகளில் பயிற்சி எடுத்த பொறியியல் மாணவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

இறைச்சி விஷயத்தையும் வீட்டிலேயே பேசி முடிவெடுங்கள். அங்கே உணவக வேலை என்றால் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சித் தட்டுகளைத் தொடாமல் இருப்பது அரிது. முடியாது என்றால் அது உங்கள் உரிமை. துணிக்கடை, நூலகம், கிடங்கு, விளையாட்டு மைதானத்தில் டிக்கெட் சரிபார்ப்பது என்று வேறு வேலைகள் இருக்கின்றன. சேர்ந்த பிறகு மூன்றாம் நாள் விலகி நிற்பதைவிட விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுவது இரு பக்கத்துக்கும் மரியாதை.

போய் இறங்கியதும்

வங்கிக் கணக்கு, உள்ளூர்க் கைபேசி எண், வரிக்கான எண் ஆகிய மூன்றையும் முதல் மாதத்துக்குள் முடியுங்கள். பிரிட்டனில் அது தேசியக் காப்பீட்டு எண். இணையத்தில் இலவசமாக விண்ணப்பிக்கலாம், எண் வரும் முன்பே வேலையைத் தொடங்கவும் தடையில்லை. ஆஸ்திரேலியாவில் வரிக் கோப்பு எண், கனடாவில் சமூகக் காப்பீட்டு எண், அயர்லாந்தில் பி.பி.எஸ். எண். இவற்றை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் போக வேண்டியதில்லை.

பிரிட்டனுக்கான தன்விவரக் குறிப்பில் புகைப்படம், பிறந்த தேதி, தந்தை பெயர், மதம், சாதி எதுவும் வேண்டாம். ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. விசாவில் எத்தனை மணி நேரம் அனுமதி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை முழு நேரம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் மேலாளருக்கு வேலை குறையும். ஜெர்மனியில் அட்டவணை வடிவில் கேட்பார்கள். புகைப்படம் வைக்கும் வழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது.

விடுமுறை வந்த பிறகு விடுமுறை வேலை தேடுவது வீண். கிறிஸ்துமஸுக்கான ஆட்களைக் கடைகளும் அஞ்சல், கிடங்கு நிறுவனங்களும் செப்டம்பர், அக்டோபரிலேயே எடுக்கத் தொடங்கிவிடும். செப்டம்பரில் இறங்கிய மாணவர் அறை தேடும் அலைச்சலில் இதைத் தவறவிடுவது வழக்கம். கோடைக்கு மார்ச், ஏப்ரலில் தொடங்குங்கள். பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு மையத்தில் முதலில் பதிவு செய்யுங்கள். விடுதி, நூலகம், சேர விரும்புவோர் வளாகத்தைப் பார்க்க வரும் நாளில் வழிகாட்டி, தேர்வுக் கூட உதவி என்று வளாக வேலைகள் சம்பளத்திலும் பாதுகாப்பிலும் சிறந்தவை. எனக்குக் கேட்டால் வெளியே கிடைக்கும் 20 மணியைவிட வளாகத்தில் கிடைக்கும் 10 மணியை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். தேர்வு வாரத்தில் அங்கே உங்கள் நிலையைப் புரிந்துகொள்வார்கள்.

பணம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்

வேலை வாங்கித் தருவதற்கு வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவது பிரிட்டனில் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். கேட்பவர் தமிழராக இருந்தாலும், நம் ஊர்க்காரராகவே இருந்தாலும் கொடுக்காதீர்கள். ஊர் பெயரைச் சொல்லி நெருங்குபவரிடம் மனம் இளகிவிடுவது நமக்கு இயல்பு. அதைத் தெரிந்துதான் வருகிறார்கள்.

ரொக்கமாகக் கூலி தருகிறேன், ரசீது கிடையாது, மணிக்குக் குறைந்தபட்ச ஊதியத்தில் பாதி என்று பேசுகிற இடம் எல்லா நகரத்திலும் இருக்கும். அங்கே அடிபட்டால் கேட்க ஆளில்லை, சம்பளத்தைப் பிடித்துக்கொண்டாலும் வாய் திறக்க முடியாது. பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தர வேண்டும். இன்னொன்று, இது மிகவும் முக்கியம்: "உன் கணக்கில் பணம் போடுகிறேன், எடுத்து இன்னொருவருக்கு அனுப்பு, உனக்குக் கமிஷன்" என்று வரும் வேலை திருட்டுப் பணத்தைக் கைமாற்றும் குற்றம். பிடிபடுவது கணக்கு வைத்திருக்கும் மாணவர்தான்.

சம்பளம் குறைத்துக் கொடுத்தால் புகார் செய்ய மாணவருக்கும் உரிமை உண்டு. ஆஸ்திரேலியாவில் நியாயப் பணி குறைகேட்பு அலுவலகம், பிரிட்டனில் வேலைத் தகராறுகளுக்கு ஆலோசனை தரும் ஏகாஸ் (Acas) என்ற அமைப்பின் உதவி எண் இரண்டும் இலவசம். ஆஸ்திரேலியாவில் நிரந்தரமில்லாமல் மணிக்கணக்கில் வேலை செய்பவருக்கு அடிப்படை ஊதியத்துக்கு மேல் 25 விழுக்காடு கூடுதல் சேர வேண்டும் என்பதையும் தெரிந்து வையுங்கள். 2025 ஜூலையில் வைத்த அடிப்படை 24.95 டாலர், கூடுதலும் சேர்ந்தால் 31 டாலரைத் தாண்டும். 18 டாலர் தருபவர் உதவி செய்யவில்லை.

வேலை முடிந்ததும்

ஒவ்வொரு சம்பளச் சீட்டையும் சேமித்து வையுங்கள். பிரிட்டனில் ஆண்டு வருமானம் 12,570 பவுண்ட் வரை வருமான வரி கிடையாது. ஆனால் விடுமுறையில் ஒரே மாதத்தில் அதிகம் சம்பாதிக்கும்போது, ஆண்டு முழுவதும் அப்படியே வரும் என்று எண்ணிக்கொண்டு கணினி வரியைப் பிடித்துவிடும். ஏப்ரல் 5ஆம் தேதியோடு வரி ஆண்டு முடிகிறது. அதன் பிறகு வருமான வரித் துறையின் இணையதளத்தில் கணக்கைப் பார்த்துப் பிடித்ததைத் திரும்பப் பெறலாம். வேலையை விட்டு நிற்கும்போது, வாங்கிய சம்பளமும் பிடித்த வரியும் குறித்த பி45 என்ற படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். எடுக்காத விடுப்புக்கான பணமும் உங்களுக்கு உண்டு; குறுகிய கால ஊழியர் என்று சொல்லி அதை மறுக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் முதலாளி உங்கள் பெயரில் ஓய்வூதிய நிதியில் கட்டிய தொகையை, விசா முடிந்து நாட்டை விட்டுக் கிளம்பிய பிறகு விண்ணப்பித்து எடுக்கலாம்; வரி பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அந்த நிதியின் பெயர், உறுப்பினர் எண், வரிக் கோப்பு எண் மூன்றையும் கல்லூரி மின்னஞ்சலில் வைக்காதீர்கள், படிப்பு முடிந்தால் அது மூடப்படலாம். சொந்த மின்னஞ்சலில் ஒரு நகலும், ஊரில் வீட்டில் ஒரு நகலும் இருக்கட்டும்.